கிளாசிக் 350-க்குக் கூடுதல் பவர்: இன்ஜினைத் திறப்பதற்கு முன்

பட்டறைக்கு ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 பைக்கைக் கொண்டுவரும் இளைஞர்கள் அடிக்கடி கேட்பது இது: "அண்ணே, நம்ம கிளாசிக்ல இன்னும் கொஞ்சம் பவர் ஏத்த முடியுமா?" முடியும். ஆனால் அந்த இன்ஜின் எதற்காகச் செய்யப்பட்டது என்று தெரிந்துகொண்டு கை வைக்க வேண்டும்.

2020-க்கு முந்தைய, கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் பாகம்) உள்ள கிளாசிக் 350-ஐ எடுத்துக்கொள்வோம். போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 70 மி.மீ.; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடும் தூரம், 90 மி.மீ. 1949-ல் வந்த புல்லட் 350-க்கும் இதே அளவுதான். 5,250 ஆர்பிஎம்மில் 19.8 பிஎச்பி, இது குறைவு என்றுதான் பலருக்கும் வருத்தம். ஆனால் இதன் பலமே 4,000 ஆர்பிஎம்மில் கிடைக்கும் 28 என்எம் இழுவை. நீண்ட ஸ்ட்ரோக் என்பதால், பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஒரு சுற்று சுற்றுவதற்குள் பிஸ்டன் 18 செ.மீ. ஓடியாக வேண்டும். 5,250-ல் அதன் சராசரி வேகம் நொடிக்கு 15.75 மீட்டர். 6,500 வரை முறுக்கினால் 19.5 மீட்டர். மேலும் கீழும் பாயும் பிஸ்டனால், அதைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு மீது விழும் விசை, ஆர்பிஎம்மின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். அதனால் 6,500-ல் அது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அந்த ராடு கிராங்கோடு சேரும் இடத்திலுள்ள பிக் எண்ட் பேரிங் சத்தம் போட ஆரம்பிப்பது இப்படித்தான்.

என்னிடம் வரும் கெட்டுப்போன இன்ஜின்களில் அதிகம் பார்ப்பது வேறொன்று. ஃப்ரீ ஃப்ளோ சைலன்சரும் கோன் ஃபில்டரும் மாட்டியிருப்பார்கள், கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை மட்டும் தொட்டிருக்க மாட்டார்கள். காற்று கூடும், பெட்ரோல் அப்படியே இருக்கும், கலவை மெலிந்துவிடும். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கார்புரேட்டர் வண்டியில் கலவை ஏற்கெனவே சற்று மெலிந்துதான் எரிகிறது. அதற்கு மேல் இதுவும் சேர்ந்தால் காற்றால் குளிரும் இந்த இன்ஜின் சூட்டைத் தாங்காது. பிளக் வெளுத்துப்போகும், ஏற்றத்தில் கிணுகிணு என்று தட்டும், கடைசியில் பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொள்ளும். சத்தம் கூடியதையே பவர் கூடியதாக நினைத்து, இதெல்லாம் தெரியாமலே ஓட்டுகிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

சரி, என்னதான் செய்யலாம்? முதலில் கம்ப்ரஷன் டெஸ்ட்: சிலிண்டருக்குள் அழுத்தம் சரியாக நிற்கிறதா என்று பார்ப்பது. தேய்ந்த பிஸ்டன் ரிங்கோடு இருக்கும் வண்டிக்கு எந்த கிட்டும் உதவாது. செயின், கிளட்ச், பிரேக் மூன்றையும் சரிசெய்தாலே பாதிப் பேருக்குத் திருப்தி வந்துவிடுகிறது. முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைத்தால் பிக்கப் நன்றாகத் தெரியும். நெடுஞ்சாலையில் இன்ஜின் கூடுதலாகச் சுற்றும் என்பதை மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டும். இந்த இன்ஜினின் கம்ப்ரஷன் 8.5:1, அதாவது கலவை எட்டரையில் ஒரு பங்காக அழுத்தப்படுகிறது. அதைக் கூட்டும் ஹை கம்ப்ரஷன் பிஸ்டன், பெரிய போர் எல்லாம் டிராக் வண்டிக்கு உரியவை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் தயாரிப்பாளர் தந்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. 182ஏ பிரிவின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் கேட்கும்போதும் இது தலைதூக்கும்.

எந்தப் பட்டறையில் வேலை செய்தாலும் எந்த நம்பர் மெயின் ஜெட், எந்த அளவு பிஸ்டன் போட்டார்கள் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். அடுத்து அந்த இன்ஜினைத் திறக்கும் மெக்கானிக்குக் கட்டாயம் தேவைப்படும் தகவல் அது.