கூப்பிட்டது கேட்டுச்சு சார்

கேம்ப்களில் பிள்ளைகள் ஆபத்தில் மாட்டியது இந்த வருடத்தில் இது மூன்றாவது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஒரு பள்ளியின் என்.சி.சி. மாணவர்களுக்கு ஒரு நாள் மலையேற்றம். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் சிறுநீர் கழிக்க ஒதுங்கியிருக்கிறான். யாரிடமும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது ஆட்டுத்தடம் ஒன்றைப் பாதை என்று நினைத்து நடந்துவிட்டான். மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போதுதான் ஓர் ஆள் குறைவது தெரிந்தது. இரவு ஒன்பதரை மணிக்கு, மலைக்கிராமத்து ஆட்கள் இரண்டு பேர் அவனை ஓர் ஓடைக்குள் கண்டுபிடித்தார்கள். உடம்பு முழுக்க நனைந்து, கணுக்கால் வீங்கி, பல் கிட்டி நடுங்கிக்கொண்டிருந்தான். அவன் உட்கார்ந்திருந்த பாறையிலிருந்து பத்தடி தள்ளி ஓடை செங்குத்தாகக் கீழே விழுகிறது.

நான் ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டென்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது கேம்ப்களில் முதலுதவியும் காட்டில் பிழைத்திருக்கும் வழிகளும் சொல்லிக்கொடுக்கிறேன். அன்றைக்கு அவன் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே, "சாயங்காலம் இந்தப் பக்கம்தானே உன் பேரைக் கத்திக் கூப்பிட்டுக்கொண்டு போனோம், காதில் விழவில்லையா?" என்று கேட்டேன்.

"கூப்பிட்டது கேட்டுச்சு சார். பனிஷ்மென்ட் குடுப்பீங்கன்னு பயந்து ஒளிஞ்சுக்கிட்டேன்."

இதைக் கேட்டு எனக்கு வந்த கோபம் அவன்மேல் இல்லை. நம்மேல்தான். அந்தப் பிள்ளை நாம் கற்றுக்கொடுத்ததைத்தான் செய்திருக்கிறான். இரண்டு நாள் முன்பு ஃபீல்டு கிராஃப்ட் என்கிற, எதிரி கண்ணில் படாமல் இருக்கப் பழகும் வகுப்பில் முகத்தில் கரி பூசி, தலையில் இலை செருகி, புதருக்குள் மூச்சுவிடாமல் படுப்பது எப்படி என்று பழகியிருந்தான். அதில் நல்ல பெயரும் வாங்கியிருந்தான்.

ராணுவத்தில் நாங்கள் கற்ற பிழைப்புக் கலையின் அடிப்படையே வேறு. எதிரியின் பகுதியில் மாட்டிக்கொண்ட சிப்பாய்க்கு அது. ஒளிந்துகொள், தடம் விடாதே, சத்தம் போடாதே, பகலில் பதுங்கி இரவில் நகரு. சிப்பாயைத் தேடி வருபவன் அவனைக் கொல்ல வருகிறான். பதினான்கு வயதுப் பிள்ளையைத் தேடி வருபவர்கள் அவனை வீட்டுக்குக் கூட்டிப்போக வருகிறார்கள். ஆகவே அவனுக்குச் சொல்லவேண்டியது ஒவ்வொன்றும் நேர்மாறு. வெட்டவெளியில் உட்கார், தடம் விடு, சத்தம் போடு, இருட்டினால் அசையாதே. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் பள்ளிப் பிள்ளைகளிடம் "சர்வைவல்" என்று ஆரம்பிக்காதீர்கள். பயிற்சி கொடுக்கும் ராணுவ உஸ்தாத்களையும், பள்ளியில் என்.சி.சி.யைப் பார்த்துக்கொள்ளும் ஏ.என்.ஓ. ஆசிரியர்களையும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

தேடுபவர்களைப் பார்த்துப் பிள்ளைகள் ஒளிவது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. 2005-இல் அமெரிக்காவின் யூட்டா மலைப்பகுதியில் 11 வயது சாரணச் சிறுவன் ஒருவன் நான்கு நாட்கள் தொலைந்துபோனான். தேடி வந்தவர்களைப் பார்த்தும் அவன் மறைந்துகொண்டிருக்கிறான். முன்பின் தெரியாதவர்களிடம் பேசக்கூடாது என்று சொல்லி வளர்த்திருந்தார்கள். அதற்கும் முன்னால், 1981-இல் கலிஃபோர்னியாவின் பாலமார் மலையில் 9 வயதுப் பையன் ஒருவன் தொலைந்து இறந்துபோனான். அதற்குப் பிறகு அங்கே பள்ளிகளில் ஒரு பாடம் கொண்டுவந்தார்கள். அதன் பெயரே "மரத்தைக் கட்டிக்கொள்". வழி தவறியது தெரிந்த நொடியில் ஒரு மரத்தடியைப் பிடித்துக்கொள், அங்கேயே இரு. முக்கால்வாசிப் பாடம் இவ்வளவுதான்.

நம் பிள்ளைகளிடம் "காட்டில் தொலைந்தால் என்ன செய்வாய்?" என்று கேட்டுப்பாருங்கள். பத்தில் எட்டுப் பேர் ஒரே பதில்தான் சொல்வார்கள்: "ஓடையைப் பிடிச்சு இறங்கினா ஊர் வந்துடும் சார்."

எனக்கு இந்தப் பதிலைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். எங்கிருந்து வந்தது என்றும் எனக்குத் தெரியும். சமவெளியில் இது சரிதான். வாய்க்காலோடு நடந்தால் ஏரி வரும், ஏரிக்கரையில் ஊர் இருக்கும். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளைக்கு இது கண்ணால் பார்த்த உண்மை. மலையில் அப்படி இல்லை. மலையில் ஓடை இறங்குகிற வழி தண்ணீருக்கான வழி, மனிதக் காலுக்கானது இல்லை. தண்ணீர் நூறு அடி குதித்து இறங்கும், நம்மால் முடியாது. ஓடைக்குள் இறங்கி நடக்கிறவன் பாசிப் பாறைகளில் வழுக்கி இரண்டு மூன்று படிகள் குதித்து இறங்கிவிடுவான். அப்புறம் ஓரிடத்தில் கீழே அருவி, மேலே ஏற முடியாத வழுக்குப் பாறை. நடுவில் மாட்டிக்கொள்வான். அன்றைக்கு நடந்தது அதுதான்.

இன்னும் இருக்கிறது. ஓடைச் சத்தத்தில் அவன் கத்துவது மேலே கேட்காது, மேலிருந்து கூப்பிடுவதும் பல இடங்களில் அவனுக்குக் கேட்காது. பள்ளத்தில் செல்போன் சிக்னல் கிடைக்காது. இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தில்தான் வந்து இறங்கும். அந்தி நேரத்தில் யானையும் கரடியும் தண்ணீர் குடிக்க வருவதும் அங்கேதான். மேலே எங்கோ பெய்த மழை, இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே வந்து சேரும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனதே, அது ஆட்கள் நிறைந்திருந்த இடத்தில், பகலில் நடந்தது. தனியாக ஓடைக்குள் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை நினைத்துப்பாருங்கள். தாகம் எடுத்தால் ஓடையில் தண்ணீர் பிடிக்கட்டும், குடிக்கட்டும். பிடித்துக்கொண்டு மேலே வந்துவிடவேண்டும். ஓடையோடு நடக்கக் கூடாது. எத்தனை தடவை வேண்டுமானாலும் இதைச் சொல்வேன்.

அடுத்தது சாப்பாடு. "காட்டில் என்னென்ன சாப்பிடலாம் சார்?" இதுதான் கேம்பில் எனக்கு வரும் முதல் கேள்வி. டி.வி.யில் ஒருவர் புழுவைத் தின்பதைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். என் பதில்: ஒன்றும் சாப்பிடாதே. ஒரு ராத்திரி, அதிகம் போனால் இரண்டு நாள். பட்டினியால் அந்த நேரத்தில் எந்தப் பிள்ளையும் செத்ததில்லை. தெரியாத காயைத் தின்று ஆஸ்பத்திரிக்கு வந்த பிள்ளைகள் நிறைய. "பறவை தின்றால் நாமும் தின்னலாம்" என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். எட்டிப் பழம் பார்க்க ஆரஞ்சு மாதிரி அழகாக இருக்கும். அதை இருவாச்சி தின்கிறது. அதன் கொட்டையில் இருப்பது ஸ்ட்ரிக்னின், மனிதனை வலிப்பு வரவைத்துக் கொல்லும் விஷம். "எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன" என்று நம் பாட்டிகள் சொன்னது சும்மா இல்லை. காட்டாமணக்கு விதை வேர்க்கடலை மாதிரி ருசிக்கும், அரை மணியில் வாந்தியும் பேதியுமாகப் புரட்டி எடுக்கும். நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கை ஏதோ வள்ளிக்கிழங்கு என்று நினைத்துத் தின்றால் ஆளையே கொன்றுவிடும். மலைவாழ் மக்கள் காட்டுக் கிழங்கு தோண்டித் தின்கிறார்களே என்பீர்கள். அவர்கள் பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகியவர்கள். பத்து நாள் கேம்பில் அந்த அறிவு வராது.

பாம்பு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடித்தால் இறுக்கிக் கட்டாதே, கீறாதே, உறிஞ்சாதே. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் படுக்கவை, தூக்கிக்கொண்டு போ, விஷமுறிவு மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்கு. பாம்பை அடித்துக் கொண்டுவர வேண்டியதில்லை. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான் நம் நாட்டில் போடுகிறோம்.

இதைவிட நான் பயப்படுவது வெயிலுக்கு. இந்த வருடத்து முதல் இரண்டு கேஸும் வெயில்தான், அதில் ஒன்று மாணவி. கேடட்டுகளிடம், அதாவது என்.சி.சி. பிள்ளைகளிடம், ஒரு குணம் உண்டு. ஒழுக்கம் என்று நாம் பாராட்டுகிற அதே குணம்தான் அவர்களைப் படுக்கவைக்கிறது. தாகம் எடுத்தால் கேட்கமாட்டார்கள். தலை சுற்றினால் சொல்லமாட்டார்கள். "சாவ்தான்" (அட்டென்ஷன்) சொன்னால் விழும்வரை நிற்பார்கள். மாணவிகள் விஷயத்தில் இன்னொன்றும் சேரும். ஒதுங்க இடம் இருக்காது என்று காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருவார்கள். மாதவிடாய் நாள் என்றால் கேட்கவே வேண்டாம். அந்தப் பெண் மயங்கி விழுந்தபோது அவளுடைய பாட்டில் நிறையத் தண்ணீர் இருந்தது. பெண் ஆசிரியர் ஒருவர் கூடவே நடப்பதும், ஒதுங்க மறைவான இடம் எங்கே என்று முதல் நாளே பார்த்துவைப்பதும் சலுகை இல்லை, பாதுகாப்பு ஏற்பாடு.

ஆசிரியர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. "வியர்க்கிறதே, அப்படியென்றால் ஹீட் ஸ்ட்ரோக் இல்லை" என்று என்னிடமே வாதாடியிருக்கிறார்கள். ஓடியாடி வரும் ஹீட் ஸ்ட்ரோக்கில் பலர் வியர்த்துக்கொண்டேதான் இருப்பார்கள். பார்க்கவேண்டியது பேச்சை. ஒரு பிள்ளை உளறுகிறதா, எரிந்து விழுகிறதா, ரோல் நம்பர் கேட்டால் தடுமாறுகிறதா? உள்சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கலாம். நிழலில் போட்டு, பூட்ஸையும் பெல்ட்டையும் கழற்றி, இருக்கிற தண்ணீரையெல்லாம் மேலே ஊற்றி விசிறுங்கள். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை நிறுத்தாமல் ஊற்றுங்கள். முதலில் குளிரவைப்பது, அப்புறம்தான் வண்டியில் ஏற்றுவது. நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

மார்ச்சிலிருந்து மே வரை காய்ந்த புல்மேட்டில் பிள்ளைகளை ஏற்றவே வேண்டாம். 2018 மார்ச் 11-ஆம் தேதி குரங்கணியில் என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும். காட்டுத்தீயில் 20 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஏறும். மூட்டை சுமந்து மேலே ஓடுகிற பிள்ளையால் அதை முந்த முடியாது.

சரி, என்னதான் சொல்லிக்கொடுப்பது? கொஞ்சம்தான். ஆனால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லவேண்டும்.

ஜோடி இல்லாமல் யாரும் வரிசையை விட்டு நகரக்கூடாது. ஒதுங்கப் போனாலும் ஜோடி கூடப் போய், முதுகைக் காட்டி நிற்கட்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கின்தி, அதாவது ஆள் எண்ணிக்கை. "ஏக், தோ, தீன்" என்று பரேடில் தினமும் எண்ணுகிறோமே, அதை மலையில் எண்ணாமல் வேறெங்கே எண்ணுவது? அன்றைக்குக் காலை டிஃபனுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் ஒரு தடவைகூட எண்ணவில்லை.

உடுப்போடு மாட்டும் லேன்யார்டு கயிற்றில் ஒவ்வொருவருக்கும் ஒரு விசில். இருபது, முப்பது ரூபாய். மூன்று தடவை ஊதி, நிறுத்திக் காதுகொடுத்துக் கேட்டு, மறுபடி மூன்று. தொண்டை ஒரு மணியில் கட்டிவிடும், விசில் கட்டாது. பையில் ஒரு பெரிய கறுப்புக் குப்பைப்பை. அடிப்பக்க மூலையில் முகம் முழுக்க வெளியே தெரியும் அளவுக்கு ஓட்டை போட்டுத் தலைவழியே மாட்டிக்கொண்டால் மழையும் காற்றும் உடம்பில் படாது. முகத்தை மட்டும் எந்த நேரமும் மூடக் கூடாது, இதைச் செய்து காட்டியே சொல்லுங்கள். நனைந்த காக்கி உடுப்பில் ஏற்காட்டு ராத்திரியைத் தாங்குவது பெரியவர்களுக்கே கஷ்டம். காய்ந்த சருகைக் குவித்து அதன்மேல் உட்காரவேண்டும், வெறும் தரையில் இல்லை. குச்சியை உரசி நெருப்பு உண்டாக்கும் வித்தையெல்லாம் கேம்ப் ஃபயரில் காட்டுங்கள், பாடமாக வேண்டாம். தொலைந்த பிள்ளை கோடையில் நெருப்பு வைத்தால் காடும் போகும், பிள்ளையும் போகும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கேம்புக்கு அனுப்பும்போது "சார் சொன்னபடி கேள்" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். "முடியலைன்னா முடியலைன்னு சொல்லு, யாரும் உன்னைக் குறைவா நினைக்கமாட்டாங்க" என்று உங்கள் வாயால் ஒரு தடவை சொல்லி அனுப்புங்கள். ஆஸ்துமா, வலிப்பு, முன்பு வெயிலில் மயங்கியது, இதையெல்லாம் ஃபாரத்தில் மறைக்காதீர்கள். கேம்பிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள் என்று பயந்து மறைத்த அப்பா ஒருவரை ஆஸ்பத்திரி வாசலில் பார்த்திருக்கிறேன். அவரை என்னால் திட்டக்கூட முடியவில்லை.

கேம்பை நடத்தும் கமாண்டன்ட் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு ஒன்று. மலையேற்றத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் வரிசையில் நிற்கும் ஃபால்-இன்னில் எல்லார் முன்னாலும் நீங்களே நின்று சொல்லுங்கள்: "தொலைந்துபோனதற்குத் தண்டனை கிடையாது. விசில் ஊதினதற்கும் தண்டனை கிடையாது." நான் சொன்னால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள், நான் வெளி ஆள். நீங்கள் சொன்னால் நம்புவார்கள்.

அப்புறம் அரை மணி நேரம் ஒரு பயிற்சி வைக்கலாம். நான் இப்போது எல்லாக் கேம்பிலும் வைக்கிறேன். ஜோடி ஜோடியாக மைதானத்து ஓரத்துப் புதர்களில் உட்காரவைத்து, நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு போவோம். முதல் தடவை பாதிப் பேருக்குச் சத்தமே வராது. கூச்சம். பக்கத்தில் போய் நின்றாலும் தலையைக் குனிந்துகொள்வார்கள். "ஊதுடா, நல்லா ஊது, உங்க அம்மாவுக்குக் கேக்கணும்" என்று கத்துவேன். மூன்றாவது சுற்றில் மைதானம் முழுக்க விசில் பறக்கும்.

அந்தப் பையனும் கால் சரியாகி அடுத்த கேம்புக்கு வந்தான். அவனைத்தான் முதல் புதரில் உட்காரவைத்தேன். நான் பாதி தூரம்கூடப் போகவில்லை, அதற்குள் ஊதிவிட்டான்.