‘அலர்ட்’ வேறு, ‘எச்சரிக்கை’ வேறு

பாபர் மசூதி இடிக்கப்பட்ட நாளான டிசம்பர் 6 நெருங்கினால் போதும், காவல்துறையின் ‘ஹை அலர்ட்’டை நாளிதழ்கள் ‘மதுரைக்கு உயர் எச்சரிக்கை’ என்று தலைப்புப் போட்டுவிடுகின்றன. போன வருடம் அப்படி ஒரு தலைப்பைப் பேருந்தில் பார்த்துவிட்டு வந்த அம்மா ஒருவர், தெற்குச் சித்திரை வீதியில் பேத்தியின் கையைப் பிடித்தபடி கோயிலுக்குள் போவதா வேண்டாமா என்று தயங்கி நின்றார். பைகளைச் சோதித்துக்கொண்டிருந்த பெண் காவலரிடம், “குண்டு கிண்டு வச்சிருக்காகளாம்மா?” என்று கேட்டார். “அதெல்லாம் ஒண்ணுமில்லத்தா. எங்கள உஷாரா இருக்கச் சொல்லியிருக்காக, அம்புட்டுதான். நீங்க போயிச் சாமி கும்பிடுங்க” என்றார் காவலர். நாளிதழ் தலைப்பில் இல்லாத தெளிவு அந்தப் பதிலில் இருந்தது.

‘அலர்ட்’ இத்தாலிய மொழியில் பிறந்த சொல். ‘அல்லெர்த்தா’ என்றால் ‘மேட்டின் மேல்’. காவல் மேட்டில் ஏறி நின்று கவனி என்று படைவீரனுக்குச் சொன்னது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. ஆக, அது காவல் நிற்பவரின் நிலையைக் குறிப்பது. எச்சரிக்கை அப்படியல்ல. ஒருவர் சொல்ல, மற்றவர் கேட்பது எச்சரிக்கை. ‘கடைசியா எச்சரிக்கிறேன்’ என்கிறோமே, அது. அதனால்தான் அந்தத் தலைப்பில் ‘மதுரைக்கு’ என்று நான்காம் வேற்றுமை தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. காவல்துறைக்குள் போன உத்தரவு ஊருக்கே விடுத்த மிரட்டலாக மாறிவிடுகிறது.

‘எச்சரிக்கையாக இரு’ என்பதில் நிலைதானே இருக்கிறது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கன்னடத்தில் ‘எச்சர’ என்றால் விழிப்புதான். தெலுங்கு, கன்னடத் தொடர்புள்ள சொல் இது. ஆனால் தமிழில் ‘ஆக’ சேர்ந்தால்தான் அந்தப் பொருள் தலைகாட்டுகிறது. ‘எச்சரிக்கை’ என்று தனியாக நிறுத்தினால் அறிவிப்பு என்றே படிப்போம். போதாததற்கு முன்னால் ஓர் ‘உயர்’ வேறு. உயர் அதிகாரி, உயர் நீதிமன்றம் என்று பதவிக்கும் படிநிலைக்கும் பழகிய அடைமொழி அது. எச்சரிக்கையில் ஏது மேலிடமும் கீழிடமும்?

‘சிவப்பு எச்சரிக்கை’ இன்னொரு குழப்பம். வானிலைத் துறையின் நிறங்களுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. மஞ்சள் என்றால் கவனித்து வா. ஆரஞ்சு என்றால் ஆயத்தமாக இரு. ஆங்கிலத்தில் அதற்குத்தான் ‘அலர்ட்’ என்று பெயர். சிவப்பு என்றால் உடனே செயலில் இறங்கு. அதற்குப் பெயர் ‘வார்னிங்’. அலர்ட்டையும் எச்சரிக்கை, வார்னிங்கையும் எச்சரிக்கை என்றே மொழிபெயர்த்தால் ஆரஞ்சுக்கும் சிவப்புக்கும் என்ன வேறுபாடு? மழைக்கு உள்ள இந்த நிறங்களைப் பயங்கரவாதத்துக்கும் பூசுகிறார்கள். பயங்கரவாத அச்சுறுத்தலுக்கென்று பொதுமக்களுக்கு அறிவிக்கும் நிற வரிசை இந்தியாவில் கிடையாது. அமெரிக்கா 2002-இல் ஐந்து நிறம் வைத்துப் பார்த்தது. நாடு முழுமைக்குமான நிறம் மஞ்சளுக்குக் கீழே ஒருநாளும் இறங்கவில்லை. என்ன செய்யவேண்டும் என்பது அந்த நிறங்களிலிருந்து மக்களுக்குப் புரியவில்லை. 2011-இல் கைவிட்டார்கள்.

பிரிட்டன் 2006 முதல் வெளிப்படையாக அறிவிப்பது அச்சுறுத்தலின் அளவை: தாக்குதல் நடக்க எவ்வளவு வாய்ப்பு என்பதை. பாதுகாப்பை எந்த அளவு கூட்டுவது என்பது அங்கே தனிக் கணக்கு. பிரான்ஸின் பயங்கரவாதத் தடுப்புத் திட்டமான ‘விஜிபிராத்’தில் முதல் படிக்கே பெயர் ‘விஜிலான்ஸ்’, அதாவது விழிப்பு. நமக்கும் மூன்று சொல் வேண்டும். ஆபத்து எவ்வளவு அருகில் என்பது அச்சுறுத்தல் நிலை. காவலர் எப்படி நிற்கிறார் என்பது விழிப்பு நிலை. மக்களிடம் சொல்வதுதான் எச்சரிக்கை. ‘ஹை அலர்ட்’ என்றால் ‘தீவிர விழிப்பு நிலை’ என்று எழுதினால் போதும்.

உஷார் பாரசீகச் சொல், ‘ஹோஷ்யார்’ என்பதன் திரிபு. தலைப்புகளில் அதை விரட்டிவிட்டு எச்சரிக்கையை உட்கார வைத்தார்கள். பொருள் போய்விட்டது. தவறான பொருள் தரும் சொல்லைவிட அந்தக் காவலர் சொன்ன உஷாரே மேல். ஆனால் உஷாரை விட நல்ல சொல் நம்மிடம் இல்லாமலா போயிற்று? மதுரைக்காஞ்சி இந்த ஊரின் இரவுக் காவலரை ‘துஞ்சாக் கண்ணர்’ என்கிறது. நூலேணியோடு திரியும் கள்வரைப் பிடிக்கத் தூங்காமல் தெருவில் திரிந்தவர்கள் அவர்கள். விழிப்பு நிலை என்ற சொல்லுக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

‘ப்ரிபேர்ட்னஸ்’ என்பதற்கு ‘அணியம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்குப் பிடித்த சொல்தான். ஆனால் மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் பத்துப் பேரிடம் கேட்டால் எத்தனை பேருக்குப் புரியும்? அது பழகும்வரை ‘ஆயத்த நிலை’ இருக்கட்டும். ‘மாக் டிரில்’ என்பதற்கு ஒத்திகை என்ற நாடகச் சொல்லைப் பிடித்தார்கள் பாருங்கள், அது அருமை. 2025 மே 7 அன்று கல்பாக்கத்திலும் சென்னைத் துறைமுகத்திலும் ஒத்திகை நடந்தபோது, அந்தச் சொல்லுக்கு விளக்கம் கேட்டு யாரும் வரவில்லை.

‘முன்னெச்சரிக்கையாகச் சிலர் கைது’ என்று எழுதுவதையும் இதோடு நிறுத்தவேண்டும். கைது செய்வது எச்சரிப்பது ஆகாது. அது தடுப்பு நடவடிக்கை. 2011 அக்டோபரில் திருமங்கலத்தை அடுத்த ஆலம்பட்டியில், அத்வானி ரத யாத்திரை செல்லவிருந்த வழியில், பாலத்துக்கு அடியில் குழாய் வெடிகுண்டு கிடந்தது. யாரோ பார்த்துச் சொன்னதால் ஆபத்து தப்பியது. அப்படிப் பார்ப்பதற்குப் பெயர் விழிப்பு.