சிப்பி வேலைப்பாட்டில் வினிகரைத் தொடாதீர்கள்

இந்த மாதமும் ஒன்று வந்துவிட்டது. சியோலில் பழம்பொருள் சீரமைக்கும் எங்கள் பட்டறைக்கு வந்தது ஒரு நகைப்பெட்டி. கருப்பு மரப்பால் பூச்சின்மேல் (அரக்குப்போல் இறுகும் ஒரு மரத்தின் பால், ஆங்கிலத்தில் லாக்கர்) சிப்பியில் பதித்த சாமந்திக் கொடி. நஜோன்சில்கி என்று கொரியர்கள் சொல்லும் வேலைப்பாடு. "மங்கலாக இருந்தது, வினிகர் தொட்டுத் துடைத்தேன்" என்கிறார் கொண்டுவந்தவர். உருப்பெருக்கியில் பார்த்தால் இதழ்கள் வெளுத்து, ஓரங்கள் மாவாக உதிர்கின்றன. பச்சையும் ஊதாவும் போன இடம் தெரியவில்லை. அவற்றை என்னால் மீட்க முடியாது.

எத்தனை முறை சொல்வது? சிப்பி என்பது சுண்ணாம்பு. கிளிஞ்சலைச் சுட்டுத்தானே நம் ஊரில் சுண்ணாம்பு எடுத்தார்கள்? புளிப்பு பட்டால் அது கரையும். தண்ணீர் கலந்த வினிகர் என்றால் மெதுவாகக் கரையும், அவ்வளவுதான். எலுமிச்சையும் அப்படியே. பற்பசையோ தேய்த்தே கீறிவிடும். அந்த நிறம் சாயம் அல்ல. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக இருப்பதால் ஒளியில் பிறப்பது. அடுக்கு அரித்தால் நிறம் ஏது?

சிப்பி வயதாகி மங்குகிறது என்ற நினைப்பும் தவறு. 1123இல் கோர்யோவுக்கு, அதாவது அன்றைய கொரிய அரசுக்கு, வந்த சீனத் தூதர் சூ ஜிங் இந்த வேலையின் நுணுக்கத்தைப் பாராட்டி எழுதிவைத்தார். கோர்யோ காலத்துப் பெட்டிகளில் எஞ்சியவை மிகச் சிலவே; அவற்றில் சிப்பி இன்றும் மின்னுகிறது. உங்கள் பெட்டியில் மங்கியிருப்பது பெரும்பாலும் மேலே படிந்த அழுக்கு அல்லது பழுத்துப்போன பூச்சு.

அலமாரிக்குச் செய்த வைத்தியத்தைப் பெட்டிக்கும் செய்யாதீர்கள். 1970, 80களில் வீடுகளுக்கு வந்த பெரிய சிப்பி அலமாரிகள் பலவற்றில் இருப்பது மரப்பாலே அல்ல, முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயில் செய்த மாற்றுப் பூச்சு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டுங்கள், போதும். ஈரத்துணி வேண்டாம், சிப்பியைப் பிடித்திருப்பது பல சமயம் விலங்குப் பசை, ஈரத்தில் இளகிவிடும். சன்னலோரம் வைக்காதீர்கள், வெயில் மரப்பாலைக் கெடுக்கும். குளிர்காலத்தில் ஒண்டோல் என்னும் கொரிய முறையில் அடியிலிருந்து சூடேற்றிய தரையில் வைக்கவே வைக்காதீர்கள்: மரம் காய்ந்து சுருங்கும், சிப்பி சுருங்காது, பெயர்ந்து எழும்பும்.

எழும்பிய துண்டை உடனடிப் பசையால் ஒட்டிவிட்டுக் கொண்டுவருபவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், அதை மட்டும் செய்யாதீர்கள். உதிர்ந்ததைக் காகித உறையில் போட்டு, எங்கிருந்து விழுந்தது என்று உறைமேல் எழுதி எடுத்துவாருங்கள். நகக்கண் அளவே இருந்தாலும் குப்பையில் போட வேண்டாம். அதே நிறமுள்ள அபலோன் என்னும் கடல்நத்தையின் ஓட்டைத் தேடிப்பிடித்து, அதே வளைவில் இழைவாளால் அறுப்பதைவிட, பழைய துண்டை அதன் இடத்தில் ஒட்டுவது எங்களுக்கு எளிது, உங்களுக்கும் செலவு குறைவு.