ஈர வேட்டியும் உலகக் கோப்பைத் திடலும்

கீழக்கரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்: "2030 உலகக் கோப்பைக் கால்பந்தை மூன்று கண்டங்களில் ஆறு நாடுகள் பங்கிட்டு நடத்தப் போகின்றன. அப்படியானால் மாலத்தீவு மாதிரி ஒரு குட்டி நாடும் பக்கத்து நாடுகளோடு சேர்ந்து பெரிய போட்டி ஒன்றை நடத்த முடியாதா?" கூடவே ஒரு குறையும் எழுதியிருந்தார். அவர்கள் பந்தாடும் கடற்கரைத் திடலில் புல் பிடிப்பதே இல்லையாம். பங்குனி பிறந்தால் தரை வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்துவிடுகிறதாம்.

தம்பி, நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி அல்ல, ஒன்றுதான்.

மாலத்தீவுக்கு இது புதிதும் அல்ல. 2008இல் தெற்காசியக் கோப்பையை இலங்கையோடு சேர்ந்து நடத்தியது. கொழும்பில் நடந்த இறுதி ஆட்டத்தில் நம்மை ஒன்றுக்குப் பூச்சியம் என்று தோற்கடித்துக் கோப்பையையும் எடுத்துக்கொண்டது. ஆனால் உலகக் கோப்பை வேறு அளவுகோல். ஆட்டம் நடக்கும் அரங்கில் குறைந்தது 40,000 இருக்கைகள் வேண்டும். மாலத்தீவின் மக்கள்தொகையே ஐந்து லட்சத்தை ஒட்டியதுதான். அரங்கை உள்ளூர்க்காரர்களைக் கொண்டு நிரப்ப வேண்டுமானால் நாட்டில் பதின்மூன்று பேருக்கு ஒருவர் டிக்கெட் வாங்க வேண்டும்!

இருக்கைப் பிரச்சினைக்கு வழி உண்டு. 2022இல் கத்தார் 974 கப்பல் கன்டெய்னர்களை அடுக்கி, பிறகு கழற்றிவிடும் விதமாக ஓர் அரங்கமே கட்டியது. 2030இல் உருகுவே, அர்ஜென்டினா, பராகுவே மூன்றுக்கும் ஆளுக்கு ஒரே ஓர் ஆட்டம்தான். ஓர் ஆட்டத்துக்கு இருக்கைகளைக் கப்பலில் ஏற்றிவந்து இறக்கலாம். புல்லையும் பாய் போலச் சுருட்டிக் கொண்டுவரலாம். செயற்கைப் புல்லை விரித்துவிட்டுத் தப்பிக்க மட்டும் முடியாது. 2026 போட்டிக்காக அமெரிக்காவில் செயற்கைப் புல் கிடந்த அரங்குகளிலும் இயற்கைப் புல் வேண்டும் என்பது நிபந்தனை.

புல் வந்துவிடும். அதற்குத் தண்ணீர்?

கால்பந்துத் திடல் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். நம் கடலோர வெயிலில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால், தினமும் ஏறக்குறைய 36,000 லிட்டர் ஊற்ற வேண்டும். 15 லிட்டர் குடத்தில் 2,400 குடம். தள்ளுவண்டியில் குடம் அடுக்கித் தண்ணீர் கொண்டுவரும் மாவட்டத்தில் இருந்துகொண்டு இந்தக் கணக்கைப் போடும்போதே எனக்குக் கை கூசுகிறது. மாலத்தீவின் தலைநகர் மாலே கடல்நீரைச் சுத்திகரித்துத்தான் குடிக்கிறது. 2014 டிசம்பரில் அந்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் தீப்பிடித்தபோது, இந்தியாவிலிருந்து விமானத்திலும் கடற்படைக் கப்பலிலும் குடிநீர் போயிற்று. அப்படிப்பட்ட ஊரில் புல்லுக்கு ஊற்றும் ஒவ்வொரு குடத்துக்கும் கணக்குச் சொல்லியாக வேண்டும்.

இங்கேதான் எனக்குப் பிடித்த தந்திரம் வருகிறது. நல்ல திடலின் அடியில் ஏறக்குறைய ஒரு முழ ஆழத்துக்கு ஓர் அமைப்பு இருக்கும்: மேலே 30 சென்டிமீட்டர் மணல், அதன் கீழே 10 சென்டிமீட்டர் சிறு ஜல்லி. தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் மணலைக் கொட்டி, அதற்கும் கீழே இன்னும் பெரிய ஓட்டை உள்ள ஜல்லியை வைத்தால் எல்லாம் ஓடிப்போய்விடாதா? போகாது. ஜல்லி இருப்பதால்தான் தண்ணீர் நிற்கிறது.

நம்பிக்கை வரவில்லையென்றால் துவைத்த வேட்டியைப் பிழியாமல் கொடியில் போட்டுப் பாருங்கள். முதலில் சொட்டும். கொஞ்ச நேரத்தில் சொட்டு நின்றுவிடும். அப்போது மேல்பக்கத்தைத் தொட்டால் ஈரம் குறைவாக இருக்கும். வேட்டியின் கீழ் ஓரமோ கையில் ஒட்டுமளவு நனைந்திருக்கும். அதற்குக் கீழே வெறும் காற்று, தடுக்க யாரும் இல்லை. ஆனாலும் அந்தத் தண்ணீர் விழுவதில்லை. இழைகளுக்கு நடுவே உள்ள நுண்ணிய சந்துகள், விளக்குத் திரி எண்ணெயைப் பிடிப்பதுபோல அதைப் பிடித்துவைத்திருக்கின்றன. கீழே விழ வேண்டுமானால் நீர் அந்தப் பிடியை விட்டுச் சொட்டாகத் திரள வேண்டும். அதற்கு மேலேயிருந்து போதுமான நீரின் எடை அழுத்த வேண்டும்.

பிடியின் பலம் சந்தின் குறுகலைப் பொறுத்தது. 0.1 மில்லிமீட்டர் ஆரமுள்ள சந்தில் நீர் 15 சென்டிமீட்டர் வரை ஏறி நிற்கும். ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள சந்தில் ஒன்றரை சென்டிமீட்டர்தான். மணலின் சந்து முதல் வகை, ஜல்லியின் சந்து இரண்டாம் வகை அல்லது அதைவிடப் பெரியது. எனவே மணலின் அடிவிளிம்புக்கு வந்த நீர் ஜல்லிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அங்கேயே தொங்குகிறது, வேட்டிக் கரையில் தொங்குவதுபோல. ஜல்லி இல்லாமல் மணலே ஆழமாகப் போனால் என்ன ஆகும்? அது மிக நீளமான வேட்டி. நீர் கீழே கீழே இறங்கிப் புல்வேருக்கு எட்டாமல் போய்விடும். ஜல்லி அந்த வேட்டியை 30 சென்டிமீட்டரில் கத்தரித்துவிடுகிறது.

இதன் அழகு இன்னும் முடியவில்லை. ஐப்பசியில் மழை கொட்டும்போது மணலுக்குள் நீர் மேலே மேலே சேர்கிறது. எடை பிடியை மிஞ்சும் கணத்தில் மதகு திறந்ததுபோல மிஞ்சிய நீர் ஜல்லிக்குள் பாய்கிறது, மணலில் சேர்ந்திருந்த உப்பையும் கழுவிக்கொண்டு. மிச்ச எடை இறங்கியதும் மதகு தானாக மூடிக்கொள்கிறது. மோட்டார் இல்லை, ஆள் இல்லை, மின்கட்டணம் இல்லை.

அந்த மாணவரின் உப்புக்கு வருகிறேன். கடலோரத்தில் மழைநீர் மண்ணுக்குள் கடல்நீரின் மேல் மிதக்கிறது. கடல்நீர் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கனம் அதிகம். ஆகவே கடல்மட்டத்துக்கு மேலே ஒரு சாண் நல்ல நீர் நின்றால், கீழே நாற்பது சாண் அமிழ்ந்திருக்கும், பாரம் ஏற்றிய வள்ளத்தைப் போல. மேலே ஒரு சாணை இறைத்துவிட்டால் அடியிலிருந்து நாற்பது சாண் உப்பு ஏறிவரும். சாயல்குடிப் பக்கம் பெண்கள் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் மொண்டு மொண்டு குடம் நிரப்புவதைப் பார்த்துப் பொறுமையின் சின்னம் என்று சிலர் எழுதுகிறார்கள். பொறுமை ஒரு பக்கம் இருக்கட்டும், மோட்டார் வைத்தால் ஊற்று கரித்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்ப்பவருக்கு இது தெரியாது, அல்லது தெரிந்தும் சொல்வதில்லை. கடற்கரை மணல்மேட்டில் கார்த்திகை மாதம் எங்கே தோண்டினாலும் தண்ணீர் வரும். தேங்காய் தோற்க வழியே இல்லை. கேட்க வேண்டியது எங்கே என்பதல்ல, எவ்வளவு ஆழம் வரை இனிக்கும் என்பது. அவருக்குக் கொடுக்கும் தட்சிணைக்கு நீரில் கரைந்த உப்பை அளக்கும் ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்கிவிடலாம்.

கோடையில் மேற்பரப்பு காய்ந்ததும் அடியில் உள்ள உவர்நீர் மணல் சந்துகள் வழியே திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஏறுகிறது. நீர் ஆவியாகிறது, உப்பு தங்குகிறது. அதைத் தடுப்பதும் அதே ஜல்லிதான். கீழிருந்து வரும் உவர்நீரும் ஜல்லியின் அகன்ற சந்தில் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் ஏற முடியாமல் நின்றுவிடும். நல்ல நீரைக் கீழே விடாத அதே அடுக்கு, உப்பை மேலே விடுவதில்லை. இதை முதன்முதலில் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, மகிழ்ச்சியில்தான்!

மாலத்தீவின் வாய்ப்பு என் கணக்கில் இந்த ஒரு முழத்தில் இருக்கிறது. உப்பைத் தாங்கும் கடற்கரைப் புல் வகையைக் கத்தார் ஏற்கெனவே விளைவித்துக் காட்டிவிட்டது. இலங்கையோடும் இந்தியாவோடும் சேர்ந்து ஆசியக் கோப்பையில் இரண்டு மூன்று ஆட்டங்களை மாலே ஏற்றுக்கொள்வது எனக்கு நடக்காத காரியமாகத் தோன்றவில்லை. உலகக் கோப்பையில் ஓர் ஆட்டம் என்றால் கொஞ்சம் இருமிக்கொள்வேன்.

நம் பக்கம் இதற்கு நேர் எதிராகச் செய்து பார்த்தாயிற்று. நான் படித்த பள்ளியின் திடல் நல்ல மணல் தரை. தண்ணீர் நிற்கட்டும் என்று யாரோ லாரி லாரியாகக் களிமண்ணைக் கொட்டினார்கள். களிமண்ணின் சந்து மிகமிக நுண்ணியது. அதற்கு மணலே ஜல்லி மாதிரி. தண்ணீர் நின்றது, தை வரை நின்றது, தவளை கத்தியது. பிறகு மின்விளக்குக் கம்பங்கள் வந்தன. காலடி மண்ணைச் சோதித்துப் பார்க்கப் பத்து ரூபாய் ஒதுக்கியவர் இன்றுவரை இல்லை.

தம்பி, முழுத் திடலுக்கும் இப்போது ஆசைப்பட வேண்டாம். கோல் கம்பத்துக்கு முன்னால் உள்ள சிறு கட்டம் ஏறக்குறைய 100 சதுர மீட்டர். கால்பட்டுப் புல் முதலில் சாவதும் அங்கேதான். கார்த்திகையில் ஒரு குழி தோண்டி, ஊற்று எந்த ஆழத்தில் நிற்கிறது என்று பாருங்கள். ஜல்லி அடுக்கு அதற்கு மேலே இருக்க வேண்டும், முழுகினால் பயனில்லை. கால் அங்குலச் சிறு ஜல்லி மூன்றரை யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி) போதும். மணல் வாங்காதீர்கள். தோண்டியதையே ஓரமாகக் குவித்து வைத்து, ஒரு மழைக்காலம் நனைந்து உப்புக் கழுவியபின் திருப்பிப் போடுங்கள்.