குடியை நிறுத்திய மூன்றாம் நாள்: ஊர்ப் பயிற்சிகளில் சொல்லித்தர வேண்டியவை

ஆண்டுதோறும் ஜூன் 26 அன்று, போதைப்பொருள் எதிர்ப்பு நாளையொட்டி நம் ஊர்களில் பேரணி நடக்கிறது, உறுதிமொழி வாசிக்கப்படுகிறது, வீங்கிச் சுருங்கிய கல்லீரலின் படம் பதாகையில் தொங்குகிறது. அவற்றுக்கும் ஓர் இடம் உண்டு. ஆனால் மகளிர் சுய உதவிக் குழுவினர், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராம சுகாதாரச் செவிலியர்கள், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர்கள் ஆகியோருக்குப் பயிற்சி அளிக்கும் மனநல மருத்துவர் என்ற முறையில் நான் திரும்பத் திரும்பக் காண்பது ஒன்றுண்டு: மது கெடுதல் என்று அந்தக் கூட்டத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அடகுக் கடைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களிடம் குடியின் தீமையை விளக்குவது, நம் நேரத்தையும் அவர்கள் நேரத்தையும் வீணாக்குவதாகும்.

அவர்கள் கேட்கும் கேள்விகள் வேறு. "நேற்றிலிருந்து குடிக்கவில்லை, கை நடுங்குகிறது, என்ன செய்யலாம்?", "அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கிற மருந்து வாங்கலாமா?", "எந்த ஹோமில் சேர்ப்பது?", "திரும்பி வந்து மறுபடியும் குடித்தால்?" ஒரு பயிற்சி இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் முடிந்தால் அது பயிற்சியே அல்ல என்பது என் கருத்து.

தேவையின் அளவை ஓர் எண்ணிக்கை காட்டும். மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசியப் போதை சிகிச்சை மையம் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவில் ஏறத்தாழ 16 கோடிப் பேர் மது அருந்துவதாகவும், அவர்களில் 5.7 கோடிக்கும் மேற்பட்டோருக்கு அதனால் உதவி தேவைப்படும் அளவுக்குப் பாதிப்பு இருப்பதாகவும் கணக்கிட்டது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு வகைச் சிகிச்சை பெற்றிருந்தார். மீதி 37 பேரைப் பார்ப்பவர்கள் மனைவி, பக்கத்து வீட்டார், செவிலியர், ரேஷன் கடை வரிசையில் நிற்பவர்கள். ஆகவே அவர்களுக்குத் தெரிய வேண்டியதை அவர்களுக்குத் தர வேண்டும்.

முதலில் தெரிய வேண்டியது, நாள்தோறும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென நிறுத்துவது ஆபத்து என்பது. இதைச் சொன்னதும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழும். குடிக்கச் சொல்கிறாரா டாக்டர் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அதனால் காரணத்தையும் சேர்த்தே விளக்க வேண்டியிருக்கிறது. மது மூளையின் வேகத்தைக் குறைக்கும் பொருள். பல ஆண்டுகள் தினமும் அது உள்ளே போகும்போது, அதை ஈடுகட்ட மூளை தன் பரபரப்பை உயர்த்தி வைத்துக்கொள்கிறது. ஒரு நாள் மது மட்டும் நின்றுவிட்டால், உயர்ந்திருந்த பரபரப்பைத் தணிக்க எதுவும் இருப்பதில்லை. கடைசியாகக் குடித்த ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு, தூக்கமின்மை தொடங்கும். முதல் இரண்டு நாள்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளின் முடிவிலிருந்து நான்காம் நாள் வரையிலான காலத்தில், எல்லோருக்கும் அல்ல, ஒரு சிறு பகுதியினருக்கு, டெலிரியம் எனப்படும் கடுமையான மனக்குழப்பம் ஏற்படும். காய்ச்சல், தாறுமாறான இரத்த அழுத்தம், இருக்கும் இடமும் நேரமும் தெரியாத நிலை, உடம்பில் பூச்சி ஊர்வதாகத் தட்டிவிடுவது, சுவரில் ஆட்கள் தெரிவது ஆகியவை அதன் அடையாளங்கள். லாரி ஓட்டுநர் கட்டிலில் அமர்ந்தபடியே இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்புவார். நெசவாளி இல்லாத இழையை இழுத்து முடிச்சுப் போடுவார். சிகிச்சையின்றி விட்டால் இந்த நிலையில் உயிர் போகக்கூடும்.

இதைப் பேய் பிடித்ததாகவும் காத்துக் கருப்பு அண்டியதாகவும் எண்ணி விபூதி போடும் இடத்துக்கு அழைத்துச் செல்கிறார்கள். வலிப்பு வந்தால் கையில் இரும்பைத் திணிக்கிறார்கள். இன்னும் வருத்தமானது, நல்ல எண்ணத்தில் எடுத்த முடிவே இந்த ஆபத்தைக் கொண்டுவருவது: சபரிமலைக்கு மாலை போட்ட அன்று, கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு சத்தியம் செய்த அன்று, ஒரே நாளில் நிறுத்திவிடுகிறார்கள். நான் பயிற்சிகளில் விரதத்தைக் கேலி செய்வதில்லை. விட வேண்டும் என்ற எண்ணத்தை ஒருவரிடம் எழுப்புவது எவ்வளவு கடினம் என்பது இத்தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். கோயில் அதை எழுப்பினால் நன்றி சொல்லி ஏற்றுக்கொள்ளலாம். மாலை போடும் தேதி தெரிந்தால் அதற்கு முன்பே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ ஒருமுறை வந்துவிடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். குளோர்டயஸிபாக்சைடு, டயஸிபாம் போன்ற மருந்துகளைச் சில நாள்களுக்குக் கொடுத்துப் படிப்படியாகக் குறைத்தால் பெரும்பாலோர் இந்தக் கட்டத்தைப் பத்திரமாகக் கடந்துவிடுவார்கள். முன்பு வலிப்போ குழப்பமோ வந்தவர்கள், கல்லீரல் பாதித்தவர்கள், முதியவர்கள் உள்நோயாளியாகவே சேர வேண்டும்.

விருப்பமின்றி நிற்பதும் உண்டு. 2020 மார்ச்சில் ஊரடங்கால் மதுக்கடைகள் ஒரே நாளில் மூடப்பட்டபோது இதை மாநிலமே கண்டது. விபத்தில் கால் முறிந்து எலும்பு முறிவு வார்டில் சேர்க்கப்பட்டவர் மூன்றாம் நாள் இரவில் குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்கிக்கொண்டு எழுந்து ஓடுவது இன்றும் நடக்கிறது. அவர் குடிப்பவர் என்பதை உறவினர்கள் வெட்கத்தால் மறைத்திருப்பார்கள். எந்தக் காரணத்துக்காக மருத்துவமனையில் சேர்த்தாலும், தினமும் எவ்வளவு, கடைசியாக எப்போது என்ற இரண்டையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். செவிலியர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி: சாப்பாட்டைக் குறைத்து மதுவிலேயே வாழ்ந்தவரின் உடலில் தயமின் என்னும் வைட்டமின் பி1 மிகவும் குறைந்திருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்பட்டு, பார்வை தடுமாறி, நடை தள்ளாடி, புதிய நினைவுகளைச் சேமிக்கும் திறனே நிரந்தரமாகப் போய்விடலாம். "குடிச்சுச் சோர்ந்து கிடக்கார், ஒரு பாட்டில் ஏத்துங்க" என்று கேட்டு வருபவர்களுக்குத் தயமின் ஊசிதான் முதலில்.

அடுத்து அளவு. "ஒரு குவாட்டர்தான் டாக்டர்" என்ற பதிலில் உள்ள 'தான்' ஏமாற்றக்கூடியது. 180 மில்லி குவாட்டரில், 42.8 விழுக்காடு ஆல்கஹால் என்ற கணக்கில், ஏறத்தாழ 60 கிராம் தூய ஆல்கஹால் இருக்கிறது. குடியால் வரும் பாதிப்பை மதிப்பிட உலக சுகாதார நிறுவனம் வகுத்த பத்துக் கேள்விப் பட்டியல் பயன்படுத்தும் 10 கிராம் அளவில் அது ஆறு பானங்களுக்குச் சமம். 'பீர்தானே' என்பவர்களுக்கும் இதே விடை: எட்டு விழுக்காட்டு 650 மில்லி பாட்டில் ஒன்றில் 40 கிராம் இருக்கிறது.

ஆடிட் எனப்படும் அந்தப் பத்துக் கேள்விகளை மருத்துவர் அல்லாதவரும் கேட்டுப் பதிவு செய்ய முடியும். அதற்கு மேலும் அவர்களால் செய்ய முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. கோவாவின் பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில், மனநலப் படிப்பு எதுவும் இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி அளித்து, கெடுதலான அளவில் குடிக்கும் ஆண்களுக்கு அதிகபட்சம் நான்கு அமர்வுகள் ஆலோசனை வழங்கச் செய்தார்கள். 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான முடிவின்படி, மூன்று மாதங்களுக்குப் பின் ஆலோசனை பெற்றவர்களில் 36 விழுக்காட்டினரும், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 26 விழுக்காட்டினரும் பாதிப்பு வரம்புக்குக் கீழே வந்திருந்தனர். அற்புதம் ஒன்றுமில்லை, ஆனால் மருந்தில்லாமல் உள்ளூர்க்காரர் ஒருவரின் பேச்சால் கிடைத்த பத்து விழுக்காடு அது. அந்த ஆய்வில் கடுமையான அடிமைநிலையில் இருந்தவர்கள் சேர்க்கப்படவில்லை என்பதையும் பயிற்சியில் அழுத்திச் சொல்கிறேன். காலையில் எழுந்ததும் நடுக்கத்தை நிறுத்தக் குடிப்பவருக்குத் தன்னார்வலரின் ஆலோசனை மட்டும் போதாது. அவரை மருத்துவமனைக்கு அழைத்துவருவதே தன்னார்வலரின் வேலை.

தெரியாமல் கலக்கும் மருந்துக்கு வருகிறேன். பேருந்து நிலையச் சுவரொட்டிகளிலும் இப்போது கைப்பேசி விளம்பரங்களிலும் விற்கப்படும் இந்தப் பொடிகளில் என்ன இருக்கிறது என்று எந்த உறையும் உண்மையாகச் சொல்வதில்லை. டைசல்பிராம் என்ற மாத்திரையை இப்படிக் கலந்து கொடுக்கும் குடும்பங்களும் உண்டு. அது உண்மையான மருந்துதான். ஆனால் அதை உட்கொண்டவர் குடித்தால், மது உடலில் சிதையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சு உடைக்கப்படாமல் இரத்தத்தில் சேர்ந்து முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்து, இரத்த அழுத்தம் சரிந்துவிடும். இதய நோயாளிக்கு அது மரணமாகவும் முடியலாம். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அந்த விளைவு நீடிக்கக்கூடும். எனவே பரிசோதனைகளுக்குப் பின், அவரே தெரிந்து ஒப்புக்கொண்டு விழுங்க வேண்டிய மருந்து அது. கலந்து கொடுத்தது ஒருநாள் தெரியவந்தால் அவர் மனைவியின் கைச்சோற்றையே சந்தேகிப்பார். அப்புறம் எந்தச் சிகிச்சைக்கும் அவரை அழைத்துவர முடிவதில்லை.

ஹோம் எனப்படும் குடிமீட்பு இல்லங்களைப் பொறுத்தவரை, நல்லவையும் இருக்கின்றன, அடித்து அடைத்து வைப்பவையும் இருக்கின்றன. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் மனநலக் குறைபாடுகளையும் தன் வரையறைக்குள் கொண்டுவந்துள்ளது. ஆகவே இவர்களைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும். யாரையும் எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டக் கூடாது. ஒருவரை அவர் சம்மதமின்றிச் சேர்ப்பதற்கும் நடைமுறை உண்டு: ஒரு மனநல மருத்துவரும் மற்றொரு மருத்துவரோ மனநலத் துறை வல்லுநரோ தனித்தனியே பரிசோதித்து, அவருக்கோ பிறருக்கோ ஆபத்து உண்டு அல்லது தன்னைக் கவனித்துக்கொள்ளும் நிலையில் அவர் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். நள்ளிரவில் வேனில் வந்து நான்கு பேர் தூக்கிச் செல்வது சிகிச்சை அல்ல. பணம் கட்டுமுன் குடும்பத்தார் கேட்க வேண்டியவை எளியவை: பதிவுச் சான்று எங்கே, மருத்துவர் எந்த நாள்களில் வருகிறார், முதல் வாரத்தில் வலிப்பு வந்தால் எங்கே கொண்டுபோவீர்கள், நாங்கள் எப்போது வந்து பார்க்கலாம். கடைசிக் கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் திரும்பிவிடுங்கள். அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்ற பெயரில் 2025இல் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்களில் கட்டணமின்றிச் சிகிச்சை கிடைக்கிறது என்பது இன்னும் பலருக்குத் தெரியவில்லை.

ஊரே சிகிச்சையில் பங்கெடுத்ததற்கு ஒரு பழைய முன்மாதிரி இருக்கிறது. சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, 1989 முதல் இன்றைய திருவாரூர் மாவட்டத்தின் மஞ்சக்குடியில் 15 நாள் முகாம்களை நடத்தியது. மருத்துவக் குழு நகரத்திலிருந்து வந்தது. இடமும் உணவும் ஆள்களைத் திரட்டும் பொறுப்பும் உள்ளூரைச் சேர்ந்தவை. முகாம் முடிந்து மருத்துவர்கள் போன பிறகும் விசாரிக்க ஆள் இருந்தது என்பதே இந்த ஏற்பாட்டில் நான் மிகவும் மதிக்கும் அம்சம்.

ஏனெனில் திரும்பி வந்தபின் வரும் சில மாதங்கள்தான் மிகவும் வழுக்கலானவை. நால்ட்ரக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் குடிக்கும் வேட்கையைக் குறைக்க உதவும். ஆனால் சனிக்கிழமைக் கூலி கைக்கு வரும் மாலையையும், சாவு வீட்டையும், கோயில் கொடையையும் மாத்திரை மட்டுமே சமாளிக்காது. அந்த நாள்களை முன்கூட்டியே எழுதி, யார் உடன் இருப்பது, கூலியை யார் வாங்குவது என்று குடும்பத்தோடு முடிவு செய்யும் பயிற்சியை நாங்கள் தருகிறோம். மீண்டும் ஒருநாள் குடித்துவிட்டால், சர்க்கரை ஏறிய நீரிழிவு நோயாளியை எப்படி மறுபடி மருத்துவரிடம் அழைத்துப்போவோமோ அப்படியே அழைத்துவர வேண்டும். "அப்பவே சொன்னேன்" என்ற வார்த்தையை அந்த வாரம் யாரும் சொல்லாதிருப்பது நல்லது. குடியை விட முயல்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் அருகில் நடக்குமானால் அவருக்கு அதுவும், மனைவிக்குக் குடும்பத்தாருக்கான அல்-அனான் கூட்டமும் துணை. மனைவியை அடிக்கும் வீட்டில் இந்த அறிவுரைகளுக்கெல்லாம் முன்னால் அந்தப் பெண்ணின் பாதுகாப்பு வருகிறது. 181 என்ற பெண்கள் உதவி எண்ணை நாங்கள் கரும்பலகையில் தனியே எழுதிவைப்பதுண்டு.

பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிச் சுருக்கமாக. உதட்டுக்குள் அடக்கும் கூல் லிப் என்ற புகையிலை, வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுவது என்று பழக்கங்கள் மாறிவிட்டன. ஒரே நாளில் வந்து பயமுறுத்திவிட்டுப் போகும் சொற்பொழிவால் பயனில்லை என்பதை ஐ.நா. வகுத்துள்ள தடுப்புத் தரநிலைகளும் சொல்கின்றன. எந்த மாத்திரை, எப்படி என்று விளக்கிக் காட்டுவதோ கெடுதலே செய்யும். பிடிபட்ட மாணவனைப் பள்ளியிலிருந்து நீக்குவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். கவனிக்கும் ஆசிரியரும் நிரம்பிய பகல் பொழுதும் அவனுக்கு மிச்சமிருக்கும் பாதுகாப்புகள். ஊசியைப் பகிர்ந்திருந்தால் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை சி வகைப் பரிசோதனைகள் அவசியம். சிகிச்சைக்கு வந்தால் வழக்கு வருமோ என்ற அச்சம் பெற்றோரைத் தடுக்கிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்திலேயே, சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ பயன்படுத்தியதற்காகவோ குற்றம் சாட்டப்பட்ட அடிமையானவர் தாமாகச் சிகிச்சைக்கு முன்வந்தால் வழக்கிலிருந்து விலக்கு அளிக்கும் 64ஏ பிரிவு இருக்கிறது என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

கள்ளச்சாராயம் குறித்து ஒன்றை ஒவ்வொரு பயிற்சியிலும் சேர்க்கிறோம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்ற மெத்தனால், குடித்தவுடன் தன்னைக் காட்டிக்கொள்ளாது. அரை நாளோ ஒரு நாளோ கழித்துத்தான் தலைவலி, வயிற்று வலி, வாந்தி, பனி மூடியது போன்ற பார்வை மங்கல் தொடங்கும். போதை தெளியவில்லை என்று படுக்கவைப்பதற்குள் காலம் கடந்துவிடுகிறது. உடன் குடித்த ஒருவருக்கு இந்த அறிகுறி வந்தாலே, நலமாகத் தோன்றும் மற்றவர்களும் 108ஐ அழைத்து, டயாலிசிஸ் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். எங்கே வாங்கினார்கள் என்ற விசாரணை அப்புறம் நடக்கட்டும்.

போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண் 14446. மனநல உதவிக்கான டெலிமானஸ் எண் 14416. குடிப்பவர்தான் பேச வேண்டும் என்றில்லை. மனைவியோ மகளோ அழைத்து, அவர் எவ்வளவு குடிக்கிறார், முன்பு நிறுத்தியபோது என்ன ஆயிற்று என்று சொன்னாலே அடுத்து எங்கே போவதென்று வழிகாட்டுவார்கள்.