இறைச்சி நிறுவனங்களின் ‘நிகர பூஜ்ஜியம்’: கணக்கின் எல்லை எங்கே நிற்கிறது?

கோடை சீசனுக்கு முன்பாக ஊட்டி, குன்னூர் விடுதிகளைத் தேடி வரும் உறைநிலை இறைச்சி நிறுவனங்கள், கோழி சாசேஜ், நக்கெட் ஆகியவற்றின் விலைப்பட்டியலோடு இப்போது காலநிலை உறுதிமொழி ஒன்றையும் சேர்த்தே நீட்டுகின்றன. ‘2040க்குள் நிகர பூஜ்ஜிய உமிழ்வு’ என்பது போன்ற வரி அதில் பெரிய எழுத்தில் இருக்கும். வெளியிடும் வெப்பமூட்டும் வாயுக்களை முடிந்தவரை குறைத்து, மிச்சத்தை வேறு வழியில் ஈடுகட்டிவிடுவோம் என்பது அதன் பொருள். இதை நம்பலாமா என்று ஆற்றல் தணிக்கையாளனான என்னிடம் விடுதி மேலாளர்கள் கேட்கிறார்கள். ஆண்டை விட்டுவிட்டு, எதையெல்லாம் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள் என்பதே என் பதில்.

நிறுவனங்களின் உமிழ்வு மூன்று பிரிவுகளாகக் கணக்கிடப்படுகிறது. சொந்தக் கொதிகலனில் எரியும் எரிபொருள், கசியும் குளிரூட்டி வாயு ஆகியவை முதல் பிரிவு; வாங்கும் மின்சாரம் இரண்டாவது; தீவனம், வெளியார் பண்ணை, பொட்டலம், வாடகை லாரி போன்றவை மூன்றாவது. இறைச்சித் தொழிலின் உமிழ்வில் மிகப் பெரும்பங்கு இந்த மூன்றாவது பிரிவில்தான் இருக்கிறது. ஆனால் பங்குச் சந்தையின் முதல் 1,000 நிறுவனங்கள் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதிப்படி 2022-23 முதல் கட்டாயமாகத் தரும் அறிக்கையில், முதலிரண்டு பிரிவுகளே அவசியத் தகவல்கள். மூன்றாவது நிறுவனத்தின் விருப்பம்.

பல்லடம், உடுமலைப் பக்கத்தில் வளரும் பிராய்லர் கோழியின் உமிழ்வில் பாதிக்கு மேல் அது தின்னும் மக்காச்சோளத்திலும் சோயாப் புண்ணாக்கிலும் அடங்கியிருக்கிறது. அந்தப் பயிருக்கு இடும் யூரியாவினால் மண்ணிலிருந்து எழும் நைட்ரஸ் ஆக்சைடு, நூறாண்டு காலத் தாக்கத்தைக் கணக்கிட்டால் (நூறாண்டுக் கணக்கு) கரியமில வாயுவைவிட 273 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைப்பது. குஞ்சு, தீவனம், மருந்து எல்லாவற்றையும் நிறுவனம் கொடுக்க, பண்ணையாளர் வளர்ப்புக் கூலி மட்டும் பெறும் ஒப்பந்த முறையில் கோழியும் தீவனமும் நிறுவனத்துடையவை, உமிழ்வு மட்டும் பண்ணையாளருடையது என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடிவதில்லை. மாடு, ஆட்டு இறைச்சியில் அசைபோடும் விலங்கின் வயிற்று மீத்தேனும் சேர்ந்துகொள்கிறது. அதன் தாக்கம் நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் சுமார் 27 மடங்கு, இருபதாண்டுக் கணக்கில் சுமார் 80 மடங்கு. 2040 என்று இலக்கு வைப்பவர்கள் நூறாண்டுக் கணக்கை மட்டும் காட்டுவது அவர்களுக்கு வசதியான ஏற்பாடு.

முதல் பிரிவிலேயே விடுபடுவதும் உண்டு. குளிர்கிடங்கில் நான் முதலில் கேட்பது மின்கட்டணச் சீட்டை அல்ல, ‘கேஸ் டாப்-அப்’ செய்த மெக்கானிக்கின் பில்லை. பல கிடங்குகளில் ஓடும் ஆர்-404ஏ என்ற குளிரூட்டி கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 3,900 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கிறது. ஆண்டுக்கு 10 கிலோ நிரப்ப வேண்டியிருக்கிறதென்றால் அந்த 10 கிலோவும் காற்றில் கலந்துவிட்டது என்றே பொருள். அது சுமார் 39 டன் கரியமில வாயுவுக்குச் சமம். ஏறத்தாழ 14,500 லிட்டர் டீசலை எரிப்பதற்கும் சமம். லிட்டருக்கு 7 கிலோமீட்டர் ஓடும் வண்டி, மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறக்குறைய ஆயிரம் முறை போய்வரலாம். குழாய் இணைப்பைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருந்தால் கசிவு இருக்கிறதென்று சோப்பு நுரை வைத்துப் பார்க்காமலே ஊகிக்கலாம். அறிக்கையில் மட்டும் அந்த வரி காலியாக இருக்கும்.

பைக்காரா 1932 முதலே நீர்மின்சாரம் தருகிறது, குந்தாவும் இருக்கிறது, ஆகவே எங்கள் கிடங்கு பசுமை மின்சாரத்தில் ஓடுகிறது என்றும் சிலர் எழுதித் தருகிறார்கள். அணை பக்கத்தில் இருந்தாலும் மின்சாரம் வருவது, நிலக்கரி உட்பட எல்லா மின் நிலையங்களின் மின்சாரமும் கலக்கும் பொதுத் தொகுப்பிலிருந்துதான். யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு என்றே நான் கணக்கெழுதுகிறேன்.

இத்தகைய வாக்குறுதிகள் நீதிமன்றத்துக்கும் போயிருக்கின்றன. 2040க்குள் நிகர பூஜ்ஜியம் என்று 2021இல் அறிவித்த, உலகின் மிகப் பெரிய இறைச்சி நிறுவனமான பிரேசிலின் ஜேபிஎஸ்ஸின் அமெரிக்கப் பிரிவின்மீது, அதை எட்டத் தக்க திட்டம் இல்லாமலே விளம்பரம் செய்ததாக நியூயார்க் அட்டர்னி ஜெனரல் லெட்டிஷியா ஜேம்ஸ் 2024 பிப்ரவரியில் வழக்குத் தொடுத்தார். 2025 நவம்பரில் 11 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு அந்நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. பன்றி இறைச்சிப் பொட்டலத்தில் ‘காலநிலைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது’ என்ற பொருளில் ஒட்டுச்சீட்டு ஒட்டிய டேனிஷ் கிரவுனின் விளம்பரம் தவறாக வழிநடத்துவது என்று டென்மார்க் உயர் நீதிமன்றம் ஒன்று 2024 மார்ச்சில் தீர்ப்பளித்தது. இங்கும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வெளியிட்ட பசுமைப் பூச்சு (சூழலுக்கு உகந்ததென்று பொய்யாகக் காட்டுதல்) தடுப்பு வழிகாட்டுதல்களின்படி, எட்டும் வழியைத் தெளிவாக வகுத்த பிறகே எதிர்கால இலக்கை விளம்பரப்படுத்தலாம். விடுதிக்காரர்கள் அந்தத் திட்டத்தைக் கேட்டு வாங்கலாம். ஒரு டன் இறைச்சிக்கு இவ்வளவு உமிழ்வைக் குறைத்தோம் என்று மட்டும் சொன்னால், உற்பத்தி இரட்டிப்பாகி மொத்த உமிழ்வு கூடியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது, மிச்ச உமிழ்வுக்கு ஈடாக நீலகிரியில் மரம் நடுகிறோம் என்ற வாசகம். சோலை எனும் மலைக்காட்டை ஒட்டிய புல்வெளி வெறுந்தரை அல்ல. மண்ணுக்குள் கார்பனையும் ஈரத்தையும் அதுவே வைத்திருக்கிறது. வெளிநாட்டு மரங்களான சீகையும் (வாட்டில்) யூக்கலிப்டஸும் அங்கே நடப்பட்டுப் புல்வெளி சுருங்கிய விளைவை இன்றும் அவலாஞ்சி, குந்தாப் பக்கம் பார்க்கிறோம். அவற்றை அகற்ற வனத்துறை செலவழித்துக்கொண்டிருக்கும்போது, மரக்கன்று எண்ணிக்கையைக் காட்டி உமிழ்வைக் கழித்துக்கொள்ள இடம் தரக் கூடாது. எந்தச் சர்வே எண்ணில், எந்த மரம், முன்பு அங்கே என்ன இருந்தது என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் இல்லாத ஈட்டை என் கணக்கில் நான் சேர்ப்பதில்லை.