புறக்கோள்: சொல்லும் பொருளும்

சூரியனை அல்லாமல் வேறொரு விண்மீனைச் சுற்றிவரும் கோளை ஆங்கிலத்தில் எக்ஸோபிளானட் என்பர். அதற்குத் தமிழில் வழங்கும் சொற்களுள் சுருக்கமானது புறக்கோள். எக்ஸோ என்னும் கிரேக்க முன்னொட்டுக்கு வெளியே என்பதும், பிளானட் என்பதன் கிரேக்க மூலத்துக்கு அலைந்து திரிவது என்பதும் பொருள். 1995இல் வானியலாளர்களான மிஷேல் மயோரும் திதியே கெலோவும் 51 பெகாசி பி என்னும் கோளைக் கண்டறிந்த பின்னரே, சூரியனைப் போன்ற விண்மீன்களுக்கும் கோள்கள் உண்டு என்பது உறுதிப்பட்டு எக்ஸோபிளானட் என்ற சொல் பரவலாயிற்று.

தமிழ்ச் சொல்லின் பிறப்பு வேறு. கொள் என்னும் வினையின் முதலெழுத்து நீண்டு கோள் ஆனது. இலக்கணம் இதனை முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்கிறது. பற்றுதல் என்பதே அடிப்படைப் பொருள். கிரகம் என்ற வடசொல்லுக்கும் வேர்ப்பொருள் அதுவே. மேற்கோள், எடுகோள் (உண்மையென வைத்துக்கொள்ளும் கருத்து) ஆகியவையும் இந்தக் கோளின் வழிவந்தவைதாம். பள்ளிப் பாடநூல்கள் வியாழன் முதல் நெப்டியூன் வரையுள்ளவற்றை வெளிப்புறக் கோள்கள் என்பதால், புறக்கோள் என்பதை முதன்முறை ஆளும்போது 'வேறு விண்மீனின் கோள்' என்று ஒருமுறை விளக்கிவிடுவது நல்லது. வெளிக்கோள் என்ற ஆட்சியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது குழப்பத்தை மிகுவிக்கும்.

ஒரு புறக்கோளுக்குக் கற்பனையாக விவரக்குறிப்பு எழுதுவோர்க்கு இந்த வேர்ப்பொருள் பயன்படும். ஏறத்தாழ 40 ஒளியாண்டுத் தொலைவில், கும்ப விண்மீன் குழுவில் உள்ள டிராப்பிஸ்ட்-1இ என்னும் கோளை எடுத்துக்கொள்வோம். அளவில் பூமியைவிடச் சற்றே சிறியதான இக்கோள், ஒரு செங்குறுமீனை (சூரியனைவிடச் சிறிய, மங்கலான சிவப்பு விண்மீனை) 6.1 நாளில் சுற்றி முடிக்கிறது. அவ்வளவு நெருக்கத்தில் சுற்றுவதால், நிலவு நமக்குக் காட்டுவதுபோல் இதுவும் தன் விண்மீனுக்கு ஒரே முகத்தையே காட்டிக்கொண்டிருக்கும் என்று ஆய்வாளர் பெரிதும் கருதுகின்றனர். அலைவது என்பதைவிடப் பற்றப்பட்டது என்பதே இதற்குப் பொருந்துகிறது.

அப்படியானால் 'ஒரு நாளின் நீளம்' என்ற கட்டத்தில் எதை எழுதுவது? அங்கே விடியலும் அந்தியும் இல்லை. பகற்பக்கத்தில் நிற்பவர்க்கு, நம் சூரியனைப்போல் நான்கு மடங்கு அகலமான செவ்வட்டம் வானில் ஏறாமலும் இறங்காமலும் நிற்கும். இரவுப்பக்கத்தில் வாழ்வோரைக் கற்பனை செய்தால் அவர்களுக்கு ஒரு நாட்காட்டி கிடைக்கும்: அடுத்துள்ள எஃப் என்னும் கோள் 9.2 நாளில் சுற்றுவதால், ஏறக்குறைய 18 நாளுக்கொருமுறை அது நம் முழுநிலவின் அளவுக்கு நிறைந்து தெரியும். 6.1 நாளே ஓர் ஆண்டாகும் அவர்கள் கணக்கில் அது மூன்று ஆண்டுக்கு ஒரு பௌர்ணமி.

ஆண்டின் நீளம், கோளின் ஆரம், விண்மீனின் வகை ஆகியவற்றை அளவீடுகளிலிருந்து அப்படியே எழுதலாம். கடல், மேகம், உயிர் என்று நீளும் வரிகளை எடுகோள் என்று குறித்தே எழுத வேண்டும். இக்கோளுக்கு வளிமண்டலம் இருப்பதே இன்னும் உறுதிப்படவில்லை.